பழுது பார்த்த இடத்தைப் படமெடுங்கள்

ஐரோப்பாவில் மேற்படிப்புக்குச் சென்றிருக்கும் தமிழ் சிவில் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

செமஸ்டர் விடுமுறை வந்ததும் உங்களில் பலர் ரோமுக்குப் போகிறீர்கள். கொலோசியத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் அன்று மாலையே எங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு வரி: “ரெண்டாயிரம் வருஷமா நிக்குது சார், நம்ம பாலம் இருபது வருஷம் தாங்கல.” அடுத்த நாள் ரோமானியர்களின் சிமென்ட் ரகசியம் பற்றிய காணொளி ஒன்றும் வரும். நீங்கள் அங்கே போய் நிற்பதில் எனக்கு மகிழ்ச்சி. அந்த ஒரு வரியோடு திரும்பிவிடுகிறீர்களே என்பதில் வருத்தம். மற்றவர்கள் வியந்துவிட்டு வரலாம். சாரம் கட்டுவதையும் கலவை போடுவதையும் அறிந்த நீங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இன்று நிற்கும் ரோமானியக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றியவர்கள், கட்டியவர்கள் போன பிறகு வந்தவர்கள். அவர்கள் அங்கே குடியிருந்தார்கள், தொழுதார்கள், சுங்கம் வசூலித்தார்கள், ஒழுகும்போது அடைத்தார்கள். சில இடங்களில் தங்களை அறியாமலேயே காப்பாற்றினார்கள். அவர்களுடைய கை எங்கே பட்டிருக்கிறது என்று உங்களைத் தேடவைப்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் விழுந்தவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரோம் நகரத்தில் சாதாரண ஜனங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிகள் அடிக்கடி சரிந்தன, எரிந்தன. அகஸ்டஸ் அவற்றுக்கு 70 ரோமானிய அடி என்று உயர வரம்பே விதிக்க வேண்டியிருந்தது. கி.பி. 27இல் ரோமுக்கு வடக்கே ஃபிடினே என்ற ஊரில் அட்டிலியஸ் என்பவர் மரத்தால் ஓர் அரங்கம் எழுப்பினார். அஸ்திவாரத்துக்குக் கெட்டித் தரை பார்க்கவில்லை. மேல்கட்டு மரங்களை உறுதியாகப் பிணைக்கவும் இல்லை. ஆள் நிறைந்திருந்த நேரத்தில் அரங்கம் சரிந்தது. செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக ஐம்பதாயிரம் பேர் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அட்டிலியஸை நாடு கடத்தினார்கள். நான்கு லட்சம் செஸ்டர்ஸ் சொத்து இல்லாதவர் இத்தகைய காட்சி நடத்தக் கூடாது, தரையின் உறுதியைச் சோதிக்காமல் அரங்கம் கட்டக் கூடாது என்று செனட் விதி செய்தது. சாயில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கும்போது முகம் சுளிக்கும் கான்ட்ராக்டர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோமானியர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் கட்டியவை இன்று படம் எடுக்கக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இனி கொலோசியம். அதன் சுவர் முழுக்கக் கொத்திவிட்டது போலக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லோடு கல்லை இணைத்த இரும்புப் பிடிகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்த இடங்கள் அவை. இரும்பு அப்போது விலையேறிய பொருள். 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தெற்குப் பக்கத்து வெளிச்சுவர் விழுந்தது. விழுந்த கல்லை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டுபோய் நகரத்தின் மாளிகைகளையும் தேவாலயங்களையும் கட்டினார்கள். மீதமிருந்த வெளிச்சுவரின் இரண்டு முனைகளும் பிடிமானம் இல்லாமல் வெளியே சாயத் தொடங்கின.

இப்போது கிழக்கு முனைக்குப் போங்கள். கூட்டம் அங்கே குறைவு. 1806-07இல் ரஃபேல் ஸ்டெர்ன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஒரு செங்கல் முட்டுச்சுவர் எழுப்பினார். அதை ஒட்டிய வளைவுகளில் கற்கள் நழுவி, பாதி கீழிறங்கி நின்றிருந்தன. அவற்றைத் திரும்ப ஏற்றிப் பொருத்த அவர் முயலவில்லை. நழுவிய கல்லை நழுவிய நிலையிலேயே வைத்து, வளைவின் வாயைச் செங்கல்லால் அடைத்துவிட்டார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்த கல் விழுந்த கோணத்திலேயே இன்றும் நிற்கிறது. மேற்கு முனையில் 1820களில் ஜூசெப்பே வலாதியே செய்த வேலை வேறு மாதிரி. பழைய வளைவுகளின் வடிவத்தையே செங்கல்லில் தொடர்ந்து, படிப்படியாக இறக்கியிருக்கிறார். பார்வைக்கு வலாதியேயின் வேலைதான் அழகு. எனக்குப் பிடித்தது ஸ்டெர்னுடையது. ஆபத்து எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதை அது மறைக்கவில்லை. இந்த இரண்டு முட்டுகளும் இல்லையென்றால் உங்கள் படத்தில் இருக்கும் அந்த உயரமான வெளிச்சுவர் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

சிமென்ட் ரகசியத்துக்கு வருகிறேன். பொய் இல்லை அது. எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்த அவர்களுடைய கலவை உண்மையிலேயே உயர்ந்தது. 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தாலியின் பிரிவெர்னம் நகரச் சுவரிலிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலவையில் தங்கிவிட்ட வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் சரியாகக் கலக்காத குறை என்று அதுவரை எண்ணப்பட்டவை. விரிசலில் தண்ணீர் இறங்கும்போது அந்தக் கட்டிகள் கரைந்து, மறுபடி படிந்து, விரிசலை அடைக்கின்றன என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு, தேடிப் படியுங்கள். ஆனால் இன்னொன்றையும் மறக்காதீர்கள். ரோமானியர்கள் கான்கிரீட்டுக்குள் கம்பி கட்டவில்லை. நம்முடைய கட்டடங்கள் பலவற்றில் முதலில் கெடுவது கம்பிதான்; துருப்பிடித்து, உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடலோரத்து மாடிக் குடியிருப்புகளின் பால்கனி அடியில் இதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். கம்பி இல்லாததால் அவர்களால் நீண்ட உத்தரம் போட முடியவில்லை, மெல்லிய தளம் போட முடியவில்லை. சுவரைக் கனமாக வைத்து, எல்லாச் சுமையையும் அமுக்கு விசையாகவே தரைக்கு இறக்கினார்கள். அவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் ஆயுளை மட்டும் ஒப்பிடுவது நியாயமான கணக்கு ஆகாது.

பாந்தியனில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 125 வாக்கில் முடிந்த கட்டடம். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதேதான். கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் உலகில் இதுவே பெரியது. அஸ்திவாரத்தில் கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக எரிமலைக் கல்லும் செங்கல் துண்டும், உச்சியில் நுரைக்கல் என்று கனத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கூரையின் தடிமன் அடியில் 6 மீட்டருக்கு மேல், துளையின் விளிம்பில் சுமார் 1.2 மீட்டர். இவ்வளவு செய்தும் விரிசல் விட்டது. குவிமாடத்தின் கீழ்ப்பகுதி வெளியே பிதுங்கப் பார்க்கும், அங்கே வட்டவாக்கில் இழுவிசை வரும், கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு இழுவிசை ஆகாது என்பதெல்லாம் நீங்கள் படித்ததுதான். அப்படியே கீழிருந்து மேலாக விரிசல்கள் ஓடின. விரிசலுக்குப் பிறகு அந்தக் கூரை வட்டமாக நிறுத்திவைத்த வளைவுகளின் கூட்டம் போல வேலை செய்கிறது. கீழே இருக்கும் 6 மீட்டர் சுவர் அவற்றின் தள்ளுவிசையை ஏற்றுக்கொள்கிறது. விரிசலோடு எப்படி நிற்கிறது என்று கேட்டால்தான் அந்தக் கட்டடத்தின் முழுப் பெருமையும் புரியும்.

அதன் பிற்கால வரலாறும் கல்லைப் போலவே முக்கியம். 609இல் பேரரசர் ஃபோகஸின் அனுமதியோடு போப் நான்காம் போனிஃபேஸ் அதைத் தேவாலயமாக்கினார். 663இல் ரோமுக்கு வந்த பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் கூரையின் வெண்கலத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போனார். வேறு எந்தப் பழங்கோயிலாக இருந்தாலும் அன்றோடு மழை இறங்கி, செடி முளைத்து, கதை முடிந்திருக்கும். இது வழிபாடு நடந்துகொண்டிருந்த இடம். அதனால் அடுத்த நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகரி ஈயத் தகடு போர்த்தினார். 1620களில் போப் எட்டாம் அர்பன் முகமண்டபத்து வெண்கலத்தை உருக்க எடுத்துக்கொண்டபோதும் உள்ளே பூசை நிற்கவில்லை. தகடு போனால் வேறு தகடு போட அக்கறையுள்ள ஒருவர் இருந்தார், பாந்தியன் பிழைத்தது.

ரோமைத் தாண்டி வருவோம். உங்களில் நிறையப் பேர் ஜெர்மனியில் இருக்கிறீர்கள். ட்ரியர் நகரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். எல்லோரும் நேரே போர்ட்டா நிக்ரா என்ற கறுத்த நகரவாயிலுக்குத்தான் போவார்கள். போக வேண்டியதுதான். கி.பி. 170 வாக்கில் கலவையே இல்லாமல் மணற்கல்லை அடுக்கி, இரும்புப் பிடி போட்டுக் கட்டியது. இங்கும் பிடிகளைத் தோண்டிய குழிகள் தெரியும். ரோமானிய நகரத்தின் மற்ற பெரிய வாயில்கள் மறைந்துபோக இது மட்டும் தப்பியதற்கு ஒரு துறவி காரணம். 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி இதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1035இல் அவர் இறந்ததும் அவர் நினைவாக வாயிலையே தேவாலயமாக மாற்றினார்கள். பிறகு 1804இல் நெப்போலியன் உத்தரவிட்டுத் தேவாலயப் பகுதியை நீக்கச் செய்தார். அதன் அரைவட்ட முனை ஒன்று மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் உங்களுக்காக நான் சொல்லும் இடம் மோசல் ஆற்றுப் பாலம். சுற்றுலாப் பயணிகள் அதற்குப் பெரிதாக நிற்பதில்லை, பார்வைக்கு ஒரு சாதாரண சாலைப் பாலம். கரையில் இறங்கி நின்று பாருங்கள். கருமையான பெரிய கற்களால் ஆன தூண்களில் பெரும்பாலானவை கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தவை. ஆற்றோட்டத்தை எதிர்த்துக் கூர்மையாக முனை வைத்திருக்கிறார்கள். ரோமானியர்கள் காலத்தில் அவற்றின் மேல் ஓடியது மரத்தளம். இடைக்காலத்தில் அது கல் வளைவானது. 1689இல் போரில் தகர்க்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைவுகளைத் திரும்பக் கட்டினார்கள். 1931இல் மேல்தளத்தை அகலப்படுத்தினார்கள். கீழே ரோமானியத் தூண், நடுவே 18ஆம் நூற்றாண்டு வளைவு, மேலே 20ஆம் நூற்றாண்டுத் தளம், அதன்மேல் கார்கள். ஒரே பாலத்தில் இத்தனை தலைமுறை இன்ஜினியர்கள் ஒருவர் வேலையை மற்றவர் நம்பி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நம்மிடம் பழைய பாலம் என்றாலே இடித்துவிட்டுப் புது எஸ்டிமேட் போடத்தான் கை போகிறது. தூண் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

தெற்குப் பிரான்சுக்குப் போக வாய்த்தால் நீம் நகரத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர முதல் நூற்றாண்டில் சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் 13 மீட்டருக்கும் குறைவு. டோட்டல் ஸ்டேஷன் இல்லாமல், தண்ணீர் மட்டம் பார்க்கும் பலகையை வைத்துக்கொண்டு இந்தச் சரிவைப் பிடித்திருக்கிறார்கள். கார் ஆற்றை அது கடக்கும் இடத்தில்தான் சுமார் 49 மீட்டர் உயரமுள்ள மூன்றடுக்குப் பாலம், போன் து கார். கீழிரண்டு அடுக்குகளிலும் கலவை கிடையாது. சில கற்கள் 6 டன் கனம். சுவரிலிருந்து ஆங்காங்கே கல் துருத்திக்கொண்டிருக்கும்; சாரத்தையும் வளைவுக்கான சென்ட்ரிங் மரங்களையும் தாங்குவதற்கு விட்டவை அவை, வேலை முடிந்தபின் வெட்டிவிடவில்லை. நெருங்கிப் போனால் சில கற்களில் எழுத்தும் எண்ணும் தெரியும். முன்பக்கம், இடது, இரண்டாவது என்கிற மாதிரி இடக் குறிப்புகள். எந்தக் கல் எந்த வளைவில் எங்கே உட்கார வேண்டும் என்று வெட்டும்போதே குறித்து அனுப்பியிருக்கிறார்கள். ப்ரீகாஸ்ட் துண்டுகளுக்கு நம்பர் எழுதும் சைட்டில் நின்றவர்களுக்கு அந்தக் குறிப்பைப் பார்த்ததும் மனம் நெகிழும்.

மேலே வாய்க்காலுக்குள் சுவரோடு தடித்த சுண்ணாம்புப் படிவு இருக்கிறது. ஊற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். சுரண்டிச் சுத்தம் செய்தவரை தண்ணீர் ஓடியது. 4ஆம் நூற்றாண்டுக்குப் பின் பராமரிப்பு தளர்ந்தது, படிவு வளர்ந்தது, வாய்க்கால் குறுகியது, கடைசியில் நீர் நின்றது. பாலம் உறுதியாகத்தான் இருந்தது. சுரண்டத்தான் ஆள் இல்லை. நீர் நின்ற பிறகு அது ஆற்றைக் கடக்கும் பாதையாயிற்று, சுங்கம் வசூலிக்கும் பாலமாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் பீரங்கி வண்டிகளைக் கொண்டுபோவதற்காக இரண்டாம் அடுக்கின் தூண்களையே ஒரு பக்கம் செதுக்கிவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அந்தச் செதுக்கலைச் சரிசெய்து, போக்குவரத்துக்கென்று பக்கத்திலேயே ஒட்டி ஒரு சாலைப் பாலம் கட்டி 1747இல் முடித்தார்கள். பழையது தப்பியது.

பக்கத்தில் ஆர்ல். அங்கே இருக்கும் வட்டரங்கத்தை இடைக்காலத்தில் ஒரு கோட்டை ஊராகவே மாற்றிக்கொண்டார்கள். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிறிய கிறிஸ்தவக் கோயில்கள், காவல் கோபுரங்கள். 1820களில் வீடுகளை அகற்றத் தொடங்கினார்கள். அதனால் இன்று அரங்கம் முழுதாகத் தெரிகிறது. ஆயினும் அந்த வீடுகள் இல்லாதிருந்தால் அகற்றிப் பார்க்க அரங்கமே மிஞ்சியிருக்காது. கோபுரங்களில் மூன்றை விட்டுவைத்திருக்கிறார்கள், நல்லவேளை.

ஒன்றையும் அகற்றாமல் விட்ட ஊர் ஒன்று உண்டு. குரோஷியாவின் ஸ்பிலிட். பேரரசர் டயோக்ளீஷியன் பதவி விலகி ஓய்வெடுக்க 305 வாக்கில் கட்டிக்கொண்ட அரண்மனை. 7ஆம் நூற்றாண்டில் பக்கத்து சலோனா நகரம் அழிந்தபோது அங்கிருந்து தப்பியவர்கள் இந்தச் சுவர்களுக்குள் வந்து குடியேறினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் போகவேயில்லை. அரண்மனைச் சுவரில் சன்னல் திறந்தார்கள், தூண்களுக்கு நடுவே வீடு கட்டினார்கள், இன்றும் மாடியில் துணி காய்கிறது. கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசரின் கல்லறை மண்டபம் அவர் காலத்தில் கொல்லப்பட்ட டோம்னியஸின் பெயரில் பேராலயமாக இருக்கிறது. அடித்தளத்து அறைகளுக்குள் மேலே குடியிருந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் குப்பையையும் கழிவையும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டியபோது வளைவுகள் குலையாமல் வெளிவந்தன. மேல்மாடி பெரும்பாலும் போய்விட்டது. அதன் அறை அமைப்பை இந்த அடித்தளத்தை வைத்துத்தான் அறிகிறோம். கொட்டியவர்களுக்கு வரலாற்றுப் பிரக்ஞை எதுவும் இருந்திருக்காது. ஆனாலும் நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

ஆப்பிரிக்காவின் கதை வேறு. அல்ஜீரியாவின் திம்காத், லிபியாவின் லெப்டிஸ் மாக்னா இரண்டையும் மணல் மூடிக் காத்தது. டிராஜன் கி.பி. 100இல் நிறுவிய திம்காத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக அப்படியே இருக்கின்றன. லெப்டிஸிலிருந்து சில தூண்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய் வின்ட்சர் அரச பூங்காவில் செயற்கை இடிபாடாக நிற்கின்றன. ஊரைவிட்டுப் பெயர்த்த அந்தத் தூண்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. துனிசியாவின் எல் ஜெம் வட்டரங்கம் கொலோசியத்துக்கு இணையாக நிற்கிறது. அதைச் சுற்றிலும் இருந்த ஒலிவ எண்ணெய் வியாபாரத்தின் செல்வம் கட்டியது அது.

பல்மைராவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சிரியப் பாலைவனத்தில் இருந்த அந்த நகரத்தின் பேல் கோயில் கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்டது. பிறகு தேவாலயமாக, மசூதியாக, மதிலுக்குள் ஒரு முழுக் கிராமமாக இருந்தது. 1930 வாக்கில் பிரெஞ்சு ஆட்சியில் அகழாய்வுக்காகக் கிராமத்தாரை வெளியே குடியமர்த்தினார்கள். 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். அமைப்பு அந்தக் கோயிலை வெடிவைத்துத் தகர்த்தது. அதே மாதம், அங்கே நாற்பது ஆண்டுகள் தொல்லியல் பொறுப்பில் இருந்த காலித் அல்-ஆசாத்தைக் கொன்றார்கள். எண்பதைத் தாண்டியவர். ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று சொன்னவர்களிடம் மறுத்துவிட்டு அங்கேயே இருந்தவர். உங்களில் யாராவது பாதுகாப்புப் பணியை வாழ்க்கைத் தொழிலாக எடுக்க நினைத்தால் அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு புத்தகம். கி.பி. 97இல் ரோமின் நீர்வழங்கல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃப்ரொன்டினஸ் தன் துறையைப் பற்றி எழுதியது, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஒரு தலைமைப் பொறியாளர் பதவிக்கு வந்த முதல் வாரத்தில் எழுதத் தொடங்கிய குறிப்பேடு மாதிரி இருக்கும். வாய்க்கால்களைப் பராமரிக்க இரண்டு அடிமைக் குழுக்களில் 240 பேர், 460 பேர் என்று 700 பேர். அந்த அடிமைகளின் உழைப்பில் ஓடிய தண்ணீர் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கட்டுவேலையை ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டும் செய்ய வேண்டும், கடும் வெயில் நாள்களில் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கலவை சரியாக இறுகாது என்கிறார். வளைவுகளின் இருபுறமும் 15 அடிக்குக் கட்டடமோ மரமோ கூடாது. வேர் உள்ளே போகும். திருட்டு இணைப்பு போட்டவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கோபப்படுகிறார். நம் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்த யாரும் அந்தப் பக்கங்களைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு இடத்துக்குப் போகும்போது முகப்பில் நின்று எடுக்கும் படத்தோடு இன்னொரு படமும் எடுங்கள்: பழுது பார்த்த இடம். கல்லின் நிறம் மாறும் கோடு, செங்கல் அடைப்பு, பிற்காலத்து இரும்புப் பட்டை, விரிசலின் மேல் ஒட்டிய அளவுகோல். எந்த ஆண்டு, யார் செய்தது, முதலில் என்ன கெட்டிருந்தது என்று அங்கே பலகையில் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், அங்கே வேலை செய்பவர்கள் சொல்லுவார்கள். படத்தோடு அந்த மூன்று விவரத்தையும் எழுதி அனுப்புங்கள். இங்கே கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் புதுக் கட்டடம் டிசைன் செய்ய மட்டும் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள். பழையதைச் சோதித்து, எவ்வளவு தாங்கும் என்று சொல்லி, கெடுக்காமல் பழுதுபார்க்கும் பாடம் அவர்களுக்கு அநேகமாக இல்லை. உங்கள் படங்களை வரிசைப்படுத்தி வகுப்பில் காட்ட விரும்புகிறேன். ட்ரியர் பாலத்தில் தொடங்கலாம். போர்ட்டா நிக்ராவிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆற்றில் நீர் குறைந்த நாளாகப் பார்த்துப் போங்கள், தூணின் அடிவரிசைக் கற்கள் அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
ஊரில் சிவில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் உங்கள் மூத்தவன்